பூட்டியவரே பொறுப்பு



சிறையில் இருப்பவர்களைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது, அவர்களிடம் அரசுக்கு என்ன கடமை இருக்கிறது என்பதே இன்றைய பொருள். வேறோர் ஊரில் இது சட்டம் படித்தவர்களின் பேச்சாக முடிந்துவிடலாம். வியாசர்பாடியில் இது பல குடும்பங்களின் பேச்சு. புழல் சிறைக்கு மனு பார்க்கப் போவது என்றால் என்னவென்று இந்த அவையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரிமாண்டு, குண்டாஸ், ஜாமீன் என்பவை வடசென்னையின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன. அதனால்தான் இந்தக் கேள்வியை இங்கே வைத்துப் பேசுவது பொருத்தம் என்று கருதுகிறேன். நான் நிறுவ விரும்புவது ஒரே ஒரு கருத்து. ஒருவரை அரசு அடைத்து வைக்கும் கணத்திலேயே அவருடைய உயிருக்கும் உடலுக்கும் அரசு பொறுப்பேற்றுவிடுகிறது. அந்தப் பொறுப்பு கைதியின் நற்குணத்துக்காகத் தரப்படும் சலுகையன்று. அடைத்து வைத்த செயலிலிருந்தே பிறக்கும் கடன். அவர் குற்றம் செய்தாரா இல்லையா, நல்லவரா கெட்டவரா என்று கேட்டுவிட்டுத் தீர்மானிக்கப்படுவதன்று. நம் சமூகமோ தகுதி பார்த்துத்தான் இரக்கப்படுகிறது. சிறைகளில் நடக்கும் அவலங்களுக்கு வேர் இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது.

சான்றுக்கு நாம் அதிக தூரம் போக வேண்டாம். 1837-ல் தொடங்கி 2006-ல் புழலுக்கு மாற்றப்படும் வரை, சென்னை மத்தியச் சிறை பூங்கா நகரில்தான் இருந்தது. சிறை இடிக்கப்பட்ட நிலத்தில் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கட்டடம் எழுந்தது. அரசு பொது மருத்துவமனையும் அந்தச் சிறையும் அவ்வளவு நெருக்கம். அந்தச் சிறையில் இருந்த வடசென்னைக்காரரான பாக்ஸர் வடிவேலு 1999 நவம்பரில் உடல்நலம் கெட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தார். நோயால் இறந்தார் என்றது நிர்வாகம். அடித்ததாலும் வேளைக்கு மருத்துவம் தராததாலும் இறந்தார் என்று நம்பினார்கள் கைதிகள். நவம்பர் 17-ஆம் தேதி சிறை கொந்தளித்தது. துணை ஜெயிலர் ஜெயக்குமார் எரித்துக் கொல்லப்பட்டார். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் உயிரிழந்தார்கள். நிர்வாகம் சொன்னதே உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அதை நம்ப அந்தச் சிறைக்குள் ஆளில்லை. மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருந்தும், ஒரு நோயாளி எப்போது முறையிட்டார், எப்போது மருத்துவர் பார்த்தார், எப்போது வெளியே அனுப்பப்பட்டார் என்பதை வெளியார் எவரும் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில், உண்மையும் வதந்தியும் ஒரே எடைதான். அந்த நாளில் கைதிகளோடு சேர்த்து, சீருடையில் கடமைக்கு வந்த ஓர் அலுவலரின் உயிரும் போயிற்று. கைதியைக் காப்பது கைதிக்கு மட்டும் நன்மை தரும் காரியம் என்று நினைப்பவர்கள் ஜெயக்குமாரின் சாவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே சிறைக்கு அதற்கு முந்தைய வரலாறும் ஒன்று உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 பிப்ரவரியில், மிசா சட்டத்தில் அடைக்கப்பட்ட அரசியல் கைதிகள் இங்கேதான் கொடுமையாகத் தாக்கப்பட்டார்கள். அடிபட்டவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977-ன் தொடக்கத்தில் இறந்தார். நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் அந்தக் கொடுமைகளை விசாரித்தது. சிட்டிபாபுவைத் தமிழகம் மறக்கவில்லை; மறக்கவும் கூடாது. கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்ததையும், சிறையில் தொழுநோய் பற்றிக்கொண்டு சுப்பிரமணிய சிவா வெளியே வந்ததையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அந்த நினைவிலிருந்து நாம் கற்ற பாடம் பாதிதான். நல்லவர்களை இப்படி நடத்தினார்களே என்று கொதித்தோம். யாரையும் இப்படி நடத்தக் கூடாது என்ற முடிவுக்கு வரவில்லை. அதனால்தான் 1976-ல் அடிபட்டவர்கள் தியாகிகள் ஆனார்கள். 1999-ல் சுடப்பட்டு இறந்தவர்களின் பெயர்கள்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. செக்கு கொடுமை என்றால், அது யார் இழுத்தாலும் கொடுமைதான். தியாகிக்கு ஒரு சிறை, திருடனுக்கு ஒரு சிறை என்று அரசு கட்டுவதில்லை. ஒருவரை அடிக்கப் பழகிய சிறை எல்லோரையும் அடிக்கும். இன்று கைதிகளை இகழ்ந்து பேசும் கட்சிக்காரர்களின் தலைவர்களே நாளை அங்கே அடைக்கப்படலாம் என்பதற்கு மிசா காலமே சாட்சி.

கடமை அடைப்பிலிருந்து பிறக்கிறது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. கொஞ்சம் நிதானமாக யோசித்தாலே எவருக்கும் புலப்படும். வெளியே இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடைக்குப் போகலாம். ஒரு மருத்துவர் சரியில்லை என்றால் வேறொருவரைப் பார்க்கலாம். அடிக்க வருபவனிடமிருந்து ஓடலாம். கூச்சல் போட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடலாம். கைதியிடமிருந்து இவை அத்தனையையும் அரசு எடுத்துக்கொள்கிறது. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை ஒருவரிடமிருந்து பறித்தவர், அந்தக் காவலைத் தாமே ஏற்றாக வேண்டும். 1993-ல் நீலாவதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஒடிசாவில் காவலில் எடுக்கப்பட்ட இளைஞர் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்த வழக்கு அது. காவலில் இருப்பவரின் உயிருக்கு அரசே பொறுப்பு என்றும், அரசின் இறையாண்மையைச் சொல்லித் தப்ப முடியாது என்றும் தீர்ப்பளித்து, தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. அதற்கு முன்பே, 1974-ல் புவன் மோகன் பட்நாயக் வழக்கிலும் 1978-ல் சுனில் பத்ரா வழக்கிலும், சிறைக்குள் நுழைவதால் மனிதர் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று நீதிமன்றம் நிலைநாட்டியிருந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், வெள்ளையர் ஆட்சியின் 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே, புதிதாக வரும் கைதியை மருத்துவ அலுவலரின் ஆணைப்படி பரிசோதித்து, உடலில் உள்ள காயங்களையும் தழும்புகளையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது. அடிமை நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்ட கடமையைச் சுதந்திர நாட்டின் குடிமக்கள் தேவையற்ற கரிசனம் என்று சொல்வது பொருந்துமா?

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு காதைக்கே சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை என்று பெயர். துறைமுக நகரமான புகாரில், கையில் அமுதசுரபியோடு மணிமேகலை சிறைக்குள் போகிறாள். அங்கே பசித்திருப்பவர்களின் குற்றம் என்ன என்று அவள் விசாரிப்பதில்லை. பசியைப் பார்க்கிறாள், உணவிடுகிறாள். செய்தி அரசனுக்கு எட்ட, என்ன வேண்டும் என்று அவன் கேட்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி கேட்கிறாள். சிலப்பதிகாரத்திலோ, அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்ற பொய்ப் பழியில் சிறைப்பட்ட வார்த்திகனின் கதை வருகிறது. தவறை உணர்ந்த பாண்டியன் அவனிடம் மன்னிப்புக் கேட்டு, ஊர்களைக் கொடையாகவும் கொடுக்கிறான். குற்றவாளியாயினும் பசி பசிதான் என்பது முதல் கதையின் அறம். உள்ளே இருப்பவரெல்லாம் குற்றவாளி அல்லர் என்பது இரண்டாவதன் அறம். காப்பியங்களைக் கொண்டாடும் நாம் இந்த இரண்டையும் வசதியாகக் கடந்துபோய்விடுகிறோம்.

உள்ளே இருப்பவர்கள் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். எந்த நீதிமன்றமும் இவர்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. சிறைகளின் கொள்ளளவோ சுமார் 4,36,000 மட்டுமே. கைதிகளில் பெரும்பான்மையோர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் 2023-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்காகத் தனியே வழிமுறைகளை வகுக்க வேண்டியிருந்தது. சொந்த வீடும் வரி ரசீதும் இல்லாத குடிசைப்பகுதிக் குடும்பம் யாரைக் கொண்டு வந்து சூரிட்டியாக நிறுத்தும்? 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, முதல்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால், அந்தப் பிரிவு வகுத்துள்ள விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, அவரை விடுவிக்க வழி செய்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் ஏழையின் நாட்கள் எண்ணப்படாமலே போகின்றன.

அதே ஆண்டறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. 2022-ல் சிறைகளில் நேர்ந்த 1,995 மரணங்களில் 1,773 இயற்கை மரணங்கள் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன. நோயால் இறந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். சிறைகளின் அவலநிலை குறித்த வழக்கில் 2017 செப்டம்பர் 15 அன்று தீர்ப்பளித்த நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் இந்த வகைப்பாட்டையே கேள்விக்குள்ளாக்கினார்கள். சரியான மருத்துவம் கிடைக்காததால் ஒருவர் இறந்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? மிக நியாயமான கேள்வி. நெஞ்சுவலி என்று சொன்ன கைதி, வார்டர் கேட்டு, ஜெயிலர் ஒப்பி, சிறை மருத்துவர் எழுதி, வழிக்காவலுக்கு ஆயுதப்படைக் காவலர்கள் வந்து சேர்ந்த பிறகே வெளி மருத்துவமனைக்குப் போக முடியும். ஒவ்வொரு படியிலும் நேரம் கரைகிறது. அடித்துக் கொன்றால் அதற்கு ஒரு கை இருக்கும், கையைக் கண்டுபிடிக்கலாம். தாமதத்தால் கொன்றால் கையே இல்லை. பதிவேட்டில் நோயின் பெயர் மட்டும் இருக்கும். அரசின் கடமை தவறுவது பெரும்பாலும் இந்த ஓசையில்லாத வழியில்தான். அதனால்தான் லத்தி தூக்காதே என்று சொல்வதோடு நாம் நின்றுவிட முடியாது; வேளைக்கு மருத்துவம் கொடு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

லத்திக் கதைகளும் முடிந்துவிடவில்லை. 2020 ஜூன் 19-ல் சாத்தான்குளத்தில் கைது செய்யப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் நிலையம், அரசு மருத்துவமனை, நடுவர் நீதிமன்றம், கோவில்பட்டி கிளைச்சிறை என்று நான்கு வாசல்களைக் கடந்தார்கள். அவற்றில் எதுவும் அவர்களைக் காக்கவில்லை. ஒரு நாள் இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் சென்னை தலைமைச் செயலக குடியிருப்புக் காவல் நிலையத்தில் விக்னேஷ், 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் என்று பட்டியல் நீள்கிறது. இந்தச் சாவுகளுக்கு நாடே அழுதது, சரி. ஆனால் சாகாமல் பிழைத்தவர்களைப் பற்றி நம் பேச்சு எப்படி இருக்கிறது? காவலில் கையும் காலும் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருக்கும் இளைஞனின் படம் கைப்பேசிகளில் சிரிப்புக்காகச் சுற்றுகிறது. கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்ற விளக்கத்தை எவரும் நம்புவதில்லை, நம்பாமலே ரசிக்கிறார்கள். காவல் நிலையக் கழிவறைகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மட்டும் வழுக்கி விழுவது எப்படி என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்க வேண்டியதாயிற்று. மாவுக்கட்டுக்குச் சிரிக்கும் சமூகம் சாவுக்கு அழுவதில் ஒரு முரண் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது இன்னும் சில அடிகள்தான். எத்தனை அடியில் நிறுத்துவது என்ற முடிவை அடிப்பவரிடமே விட்டுவிட்டு, விளைவுக்கு மட்டும் வருந்துவதில் பயனில்லை.

இந்தச் சிரிப்பு தனி மனிதரோடு நிற்பதில்லை. ஊரின் மேலும் விழுகிறது. 1996-ல் பின்னி ஆலை மூடப்பட்ட பிறகு வேலை இழந்த தொழிலாளர் குடியிருப்புகளின் பிள்ளைகள், கால்பந்திலும் குத்துச்சண்டையிலும் படிப்பிலும் எத்தனையோ சாதித்திருக்கிறார்கள். திரையிலும் செய்தியிலும் வியாசர்பாடிக்குக் கிடைத்திருப்பதோ ரவுடிகளின் ஊர் என்ற அடையாளம். ஒரு குழுவையே பிறப்பால் குற்றவாளி என்று முத்திரை குத்தும் வழக்கம் 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்திலிருந்து வருவது. சென்னை மாகாணத்தில் அது 1947-ல் ஒழிந்தது. மறுவருடமே வழக்கமான குற்றவாளிகள் பற்றிய சட்டம் வந்தது. 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம், நாம் குண்டாஸ் என்று அழைப்பது, விசாரணையில்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்க இடம் தருகிறது. தடுப்புக்காவல் கைதிகளின் எண்ணிக்கையில் அண்மை ஆண்டுகளில் நாட்டிலேயே முன்னணியில் இருப்பது தமிழ்நாடு. நன்னடத்தைப் பிணையை மீறினார் என்று சொல்லி, காவல் துணை ஆணையர்களே நிர்வாக நடுவர்களாக அமர்ந்து சிறைக்கு அனுப்பும் முறையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது. சிறைக்குள்ளும் சாதி பார்த்துப் பிரித்து அடைத்த வழக்கத்தை, பாளையங்கோட்டைச் சிறையையும் சுட்டிக்காட்டி, 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்த்தது. முத்திரை முதலில் விழுகிறது. அடைப்பு பிறகு வருகிறது. அடைபட்டவரைக் கவனிக்காமல் விடுவதற்கு அந்த முத்திரையே காரணமாகிறது.

கைதியிடம் அரசுக்குக் கடமை உண்டு என்பதற்கு எழும் மறுப்புகளை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. முதல் மறுப்பு, பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து வருவது. வெட்டுப்பட்டவனின் தாயை யார் நினைத்தார்கள், வெட்டியவனுக்கு மருத்துவமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை மிக உரிமையோடு கேட்கக்கூடியவர்கள் வியாசர்பாடி மக்களே. ஏனென்றால் ரவுடித்தனத்தின் முதல் பலி அவர்கள்தான். ஆனால் அந்தத் தாய்க்கு வேண்டியது சரியான ஆளுக்கு, சாட்சியத்தோடு, மேல்முறையீட்டிலும் நிற்கும் தண்டனை. காவல்துறையிடம் அளித்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் குற்ற ஒப்புதலாகச் செல்லாது. அடித்து வாங்கிய வாக்குமூலத்தை நம்பிச் சான்று தேடுவதை விட்டுவிட்டால், குற்றவாளி தப்புகிறான். அல்லது எளியவன் ஒருவன் அவனுக்குப் பதிலாக மாட்டிக்கொள்கிறான். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் பாதுகாப்பும் ஆறுதலும் தருவது அரசின் தனிக் கடமை. அதைச் செய்யாத அரசு கைதியை அடிப்பதால் அந்தக் கடன் தீராது.

இரண்டாவது மறுப்பு, சிறை வசதியாக இருந்தால் பயம் போய்விடும் என்பது. தண்டனை என்பது சுதந்திரத்தை இழப்பது. சட்டம் விதித்தது அவ்வளவுதான். அம்மாவின் இறுதிச் சடங்குக்கும் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் வாழ்க்கையை எந்தக் கட்டிலும் மின்விசிறியும் வசதியாக்கிவிடாது. அதற்கு மேல் காசநோயையும் அடியையும் எந்த நீதிபதியும் தீர்ப்பில் எழுதவில்லை. வேலூரில் ஆயுள் தண்டனைக் கைதி ஒருவர் சிறை அதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தப்பட்டுத் தாக்கப்பட்டார் என்ற புகாரில் 2024-ல் உயர் நீதிமன்றம் சிபிசிஐடி விசாரணைக்கு உத்தரவிட்டது. தீர்ப்பில் இல்லாத தண்டனைகள் எப்படியெல்லாம் முளைக்கக்கூடும் என்பதை அந்தப் புகார் காட்டுகிறது. மூன்றாவது மறுப்பு, வெளியே ஏழைகளுக்கே நல்ல மருத்துவம் இல்லாதபோது கைதிக்கு எதற்கு என்பது. ஐ.நா.வின் 2015-ஆம் ஆண்டு மண்டேலா விதிகள் கேட்பது, வெளியே மக்களுக்குக் கிடைக்கும் அதே தர மருத்துவத்தைத்தான். வெளியே குறை இருந்தால் அதைத் திருத்துவோம். அந்தக் குறையைக் காட்டி உள்ளே இருப்பவரின் பங்கையும் பறிப்பது எவருக்கும் எதையும் கூட்டித் தராது.

இறுதியாக, இன்னும் அடிப்படையான ஓர் எண்ணம். தண்டனை முடிந்து இவர்கள் எங்கே போவார்கள்? பெரும்பாலோர் இந்தத் தெருக்களுக்கேதான் திரும்பி வருவார்கள். உடலும் மனமும் நொறுங்கி வருகிறார்களா, ஒரு கைத்தொழிலோடு வருகிறார்களா என்பதில் ஊரின் அமைதியும் அடங்கியிருக்கிறது. கைதிகள் தயாரிக்கும் பொருள்களை விற்கும் சிறை அங்காடியும், 2023-ல் புழலில் தொடங்கிய, பெண் கைதிகள் நடத்தும் பெட்ரோல் பங்க்கும், நம்பிக்கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள். அங்கே வண்டிக்கு எண்ணெய் போட்டுச் செல்பவர்கள், விடுதலையாகி வந்த அதே பெண்ணுக்குத் தம் கடையில் வேலை தருவார்களா என்பதுதான் சமூகத்துக்கான தேர்வு.

எனவே இந்த அவையின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறேன். சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை; தில்லியைக் கைகாட்ட இதில் இடமில்லை. கைதி முறையிட்ட நேரம், மருத்துவர் பார்த்த நேரம், வெளி மருத்துவமனைக்கு அனுப்பிய நேரம் ஆகிய மூன்றையும் பதிந்து, குடும்பத்தார் கேட்டால் காட்ட வேண்டும். வழிக்காவலர் இல்லை என்பதை மருத்துவத் தாமதத்துக்குக் காரணமாக ஏற்கக் கூடாது. காவலில் நேரும் மரணத்தில் சட்டம் கட்டாயமாக்கியுள்ள நீதித்துறை நடுவர் விசாரணையின் அறிக்கையைக் காலக்கெடுவுக்குள் குடும்பத்திடம் தர வேண்டும். சிறை விதிகளில் உள்ள அலுவல்சாராப் பார்வையாளர் பதவிகளை நிரப்பி, அவற்றில் கைதிகள் மிகுதியாக வரும் பகுதிகளின் ஆசிரியர்களையும் பெண்களையும் அமர்த்த வேண்டும். இந்தியா 1997-ல் கையெழுத்திட்டும் இன்றுவரை உறுதி செய்யாத சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்று, தனிச் சட்டம் இயற்றும்படி ஒன்றிய அரசை நாம் வலியுறுத்த வேண்டும். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் சட்டம் படிக்கப் போகிறவர்கள், 479-ஆம் பிரிவின்படி விடுதலைக்கு உரிய விசாரணைக் கைதிகளின் நாட்களைக் கணக்கிட்டு, சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக நீதிமன்றத்தின் முன் கொண்டு போங்கள். மற்றவர்கள் மாவுக்கட்டுப் படம் கைப்பேசிக்கு வரும்போது அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அரசு தன் கடமையைச் செய்வது சட்டத்தால் மட்டும் நடப்பதில்லை; செய்யாவிட்டால் மக்கள் கேட்பார்கள் என்ற அச்சத்தாலும் நடக்கிறது. கேட்பதற்கு எல்லோரையும்விட அதிகக் காரணம் உடைய ஊர் வியாசர்பாடி. அந்தக் கேள்வி இங்கிருந்தே எழட்டும்.